அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாதா?

கேள்வி: கோதிக் நாவல்களில் பேயும் பாழடைந்த மாளிகையும் மேற்பூச்சுதான், உள்ளே இருப்பது மறைக்கப்பட்ட கொடுமையும் அதைக் கண்டும் வாய் திறக்காத பள்ளி, மடம், குடும்பம் போன்ற அமைப்புகளும்தான் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆனால் இந்தக் கதைகளில் கொடுமை யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருப்பதில்லை. வீட்டில் பாதிப் பேருக்கு அது தெரியும். புதிதாக வேலைக்கு வந்தவளுக்கு மட்டும் தெரியாது. நாம் அவளோடு சேர்ந்து அந்தப் படிகளில் ஏறுகிறோம், அதனால் பயப்படுகிறோம். நான் மதுரையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். இந்த வகை நாவல்களைப் பல வருடங்களாக விடாமல் படித்து வருகிறேன். கொடுமை செய்தவனை விட, தெரிந்தும் பேசாதவர்களைத்தான் இவை கூர்ந்து பார்க்கின்றன என்பது என் எண்ணம்.

சார்லட் பிராண்ட்டி 1847-இல் எழுதிய ‘ஜேன் அயர்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். தார்ன்ஃபீல்ட் மாளிகையின் மூன்றாம் மாடியில் வீட்டு முதலாளி ரோச்செஸ்டர், மனநோயாளியான தன் மனைவி பெர்த்தாவைப் பூட்டி வைத்திருக்கிறார். நள்ளிரவுச் சிரிப்பும் தீப்பிடித்த படுக்கையும் எல்லோருக்கும் நினைவிருக்கும். என்னை நடுங்க வைத்த இடம் வேறு. விருந்தாளிகள் வரப்போகிறார்கள் என்று வீட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, லியா என்ற வேலைக்காரப் பெண்ணும் கூலிக்கு வந்த இன்னொருத்தியும் பெர்த்தாவைக் காவல் காக்கும் கிரேஸ் பூலின் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். தன் சம்பளம் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்கிறாள் லியா. அந்த வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த ஜேன் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் பேச்சு நிற்கிறது. “அந்தப் பெண்ணுக்குத் தெரியாதா?” என்று மற்றவள் கிசுகிசுக்கிறாள். தெரியாது என்று லியா தலையை ஆட்டுகிறாள். அவ்வளவுதான் காட்சி. முழுக்கதை தெரியாவிட்டாலும் மேலே ஏதோ இருக்கிறது என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியும். கூடுதல் சம்பளம் எதற்கு என்றும் தெரியும்.

அதே நாவலின் முற்பகுதியில் ஜேன் சிறுமியாகப் படிக்கும் லோவுட் பள்ளியில் பேயே கிடையாது. தீய்ந்த கஞ்சியும் குளிரும்தான். பசித்த பிள்ளைகளுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்த ஆசிரியையை நிர்வாகி பிராக்கிள்ஹர்ஸ்ட் கண்டிக்கிறார். மாணவிகளின் தலைமுடியை வெட்டச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, முடியைச் சுருள் சுருளாக அலங்கரித்த அவருடைய மகள்கள் பட்டு உடுத்தி உள்ளே வருகிறார்கள். பிறகு டைஃபஸ் காய்ச்சல் பரவுகிறது. 80 பேரில் 45 பேர் ஒரே சமயத்தில் படுத்துவிடுகிறார்கள். பலர் செத்த பிறகுதான் ஊர் கோபப்பட்டு விசாரிக்கிறது. கட்டடம் மாறுகிறது, சாப்பாடு மாறுகிறது. பிராக்கிள்ஹர்ஸ்ட்? பணமும் குடும்பச் செல்வாக்கும் உள்ளவர் என்பதால் பொருளாளராகவே தொடர்கிறார். நாவல் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. எனக்கு அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போக முடிவதில்லை.

இது வெறும் கற்பனையும் இல்லை. ஏழைப் பாதிரியார்களின் மகள்களுக்காக கோவன் பிரிட்ஜில் நடந்த பள்ளியில் சார்லட்டும் அக்காக்களும் படித்தார்கள். மூத்தவள் மரியாவுக்கு 11 வயது, அடுத்தவள் எலிசபெத்துக்கு 10. இருவரும் அங்கே நோயில் விழுந்து, வீட்டுக்கு அனுப்பப்பட்டு, 1825-இல் அடுத்தடுத்து இறந்தார்கள். சார்லட்டுக்கு அப்போது 9 வயது. லோவுட்டில் அடி வாங்கியும் வாய் திறக்காமல் சாகும் ஹெலன் பர்ன்ஸ், மரியாவின் நினைவில் பிறந்தவள். இருபத்திரண்டு வருடம் கழித்து ஒரு தங்கை அந்தப் பள்ளியைப் பற்றிப் பேசினாள், அதுவும் புனைபெயரில்.

ஹென்றி ஜேம்ஸ் 1898-இல் எழுதிய ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ இன்னும் கொடுமையானது. பெற்றோர் இல்லாத இரண்டு குழந்தைகளைக் கிராமத்து மாளிகையில் விட்டுவிட்டு, அவர்களுடைய பாதுகாவலரான பெரியப்பா லண்டனில் இருக்கிறார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் ஆசிரியைக்கு அவர் போடும் ஒரே நிபந்தனை: எதற்காகவும் என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது. பையன் மைல்ஸை இனிமேல் சேர்த்துக்கொள்ள முடியாது என்று பள்ளியிலிருந்து கடிதம் வருகிறது. காரணம் எழுதப்படவில்லை. பாதுகாவலர் அதைப் பிரிக்காமலே ஆசிரியைக்கு அனுப்பி, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு எதுவும் எழுத வேண்டாம் என்கிறார். ஆசிரியை அதை வீட்டுப் பொறுப்பாளர் மிஸஸ் குரோஸிடம் நீட்டுகிறாள். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இப்போது செத்துப்போய், பேயாக வருவதாக ஆசிரியை நம்பும் பீட்டர் குவின்ட் என்ற வேலையாள் பையனோடு அளவுமீறிப் பழகியது குரோஸுக்கு முன்பே தெரியும். சொல்லவில்லை, ஏனென்றால் முதலாளிக்குக் கோள் சொல்பவர்களைப் பிடிக்காது. மாளிகையில் தெரிவது பேயா, ஆசிரியையின் பிரமையா என்று நூறு வருடத்துக்கு மேலாகச் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. குவின்ட் உயிரோடு இருந்தபோது யார் யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதுதான் அந்தக் கதை.

நானும் விடுதிப் பள்ளியில் படித்தவள். வீட்டுக்கு எழுதும் இன்லண்ட் லெட்டரை ஒட்டாமல் வார்டனிடம் கொடுக்க வேண்டும், அவர் படித்த பிறகுதான் தபாலுக்குப் போகும். எட்டாம் வகுப்பில் என் பக்கத்துப் பாயில் படுத்தவளை அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் ட்ரங்குப் பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நிர்வாகத்துக்கு வேண்டிய ஒருவரைப் பற்றி அவள் வாய் திறந்துவிட்டாள். சமையல்கார அக்காவுக்குத் தெரியும், வாட்ச்மேன் தாத்தாவுக்குத் தெரியும். “அதப் பத்தி யாரும் பேசப்படாது, பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுப்போகும்” என்றார் வார்டன். டிசியில் காரணம் ‘பெற்றோர் விருப்பம்’, நடத்தை ‘நன்று’. அவள் அப்பா அதை வாங்கிக்கொண்டு கைநாட்டு வைத்தார். மைல்ஸின் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்த டிசிதான் கண்முன் வந்தது.

மறைத்த கொடுமை வெளியே வர நம் பக்கத்தில் இன்னொரு வழியும் இருந்தது, சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று கோடாங்கியைக் கூப்பிடுவார்கள். அவர் உடுக்கையை அடித்து, “நீ யாரு? எந்த ஊரு? எதுக்கு இவளப் பிடிச்ச?” என்று கேட்பார். பல சமயம் கிணற்றில் விழுந்தோ தூக்குப் போட்டோ செத்த ஒருத்தியின் பேர் வரும். யார் அடித்தார்கள், யார் ஏமாற்றினார்கள் என்பதுகூட வந்துவிடும். போலீஸோ பஞ்சாயத்தோ கேட்காத கேள்வியைக் கேட்க அங்கே ஒருவர் இருக்கிறார் என்று எனக்கு ஒரு மரியாதை உண்டு. கோபமும் உண்டு. கேள்வி பேயிடம் மட்டும்தான் கேட்கப்படுகிறது. பேர் சொல்லப்பட்ட ஆள் அதே கூட்டத்தில் நின்றாலும் அவனிடம் யாரும் கேட்பதில்லை. பேயை ஆணியடித்து இறக்கிவிட்டு, அந்தப் பெண்ணை அதே வீட்டுக்குத்தான் அனுப்புகிறார்கள்.

பெர்த்தாவை நினைத்தால் ஏர்வாடி நினைவுக்கு வராமல் போகாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். தார்ன்ஃபீல்ட் எரிந்தபோது பெர்த்தாவால் கூரை வரைக்காவது ஓட முடிந்தது. ஏர்வாடியில் அவர்கள் கட்டப்பட்டிருப்பது தீப்பிடிப்பதற்கு முன்னால் அங்கே போய்வந்தவர்கள் எல்லோரும் பார்த்ததுதான். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு சொல்கிறது.

இன்று மிஸஸ் குரோஸின் மௌனத்துக்கும் சட்டத்தில் தண்டனை உண்டு. 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருடம் வரை. குழந்தைகள் உதவி கேட்டு அழைக்க 1098 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது. அந்த எண்ணை விடுதிச் சுவரில், பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் எழுதியிருக்கிறார்களா என்று நான் போகும் இடமெல்லாம் பார்க்கிறேன்.

எங்கே தொடங்குவது என்றால், ‘ஜேன் அயர்’ முழுவதையும் முதலிலேயே தூக்காதீர்கள். 5 முதல் 10 வரையிலான அத்தியாயங்களை, லோவுட் பகுதியை மட்டும் படியுங்கள். ஹென்றி ஜேம்ஸின் நடை முறுக்கானது, முதல் வாசிப்பில் பிடிபடாது. இரண்டாம் தடவை பேய் வரும் பக்கங்களைத் தள்ளிவிட்டு, மிஸஸ் குரோஸ் பேசும் இடங்களை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள்.