கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டியது

வணக்கம் ஐயா,

ஏழு வருடம் ஒரு நிறுவனத்தில் கணினிப் பிரிவில் வேலை பார்த்தேன். இப்போது வீட்டு முன்னறையிலேயே சின்னதாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். என்னென்ன கருவிகள் வாங்குவது? மதர்போர்டில் ஐ.சி. எனும் சிப்பை மாற்ற, சூடான காற்று ஊதும் ஹாட் ஏர் ஸ்டேஷனும் இப்போதே வாங்கிவிடட்டுமா? நீங்களும் முன்பு இந்தத் தொழிலில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

ஹாட் ஏர் ஸ்டேஷன் இப்போதைக்கு வேண்டாம். வீடு தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று புகார்களோடுதான் வருவார்கள்: மெதுவாக ஓடுகிறது, ஆன் ஆகவில்லை, சூடாகி அணைந்துவிடுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்.எஸ்.டி. போடுவது, ராமைக் கழற்றித் துடைத்து மாட்டுவது, ஃபேன் தூசியை எடுத்துப் சூடு கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக வைப்பது என்று நாள் போய்விடும். நல்ல ஸ்க்ரூடிரைவர் செட், மல்டிமீட்டர், நம் உடம்பின் நிலை மின்சாரம் பாகங்களைக் கெடுக்காமலிருக்க மணிக்கட்டில் கட்டும் ஆன்டி ஸ்டாட்டிக் பட்டை, சோதித்துப் பார்க்க ஒரு எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), விண்டோஸ் ஏற்ற 8 ஜிபி பென்டிரைவ், பேக்கப் எடுக்கப் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று. இவை போதும். சிப் வேலை வந்தால் அதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுத்து வாங்குங்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

என் கை சுட்டது கருவியில் இல்லை, ஒரு கேள்வியில். தொடங்கிய புதிதில் ஒரு பெரியவர் லேப்டாப் கொண்டுவந்தார். "முக்கியமா ஏதாவது இருக்கா?" என்றேன். "ஒண்ணும் இல்ல தம்பி, புதுசா போட்டுடுங்க" என்றார். ஃபார்மேட் செய்து கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே வந்து நின்றார். "பேரன் போட்டோ எல்லாம் எங்கே?" அவர் அகராதியில் முக்கியம் என்றால் ஆபீஸ் ஃபைல். ஃபார்மேட் செய்த அதே டிஸ்க்கில் புது விண்டோஸை வேறு ஏற்றிவிட்டிருந்தேன். பாதிப் படங்கள்கூட மீளவில்லை.

அதற்கப்புறம் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டேன். போட்டோ எங்கே வைக்கிறீர்கள், கணக்கு எழுதும் சாஃப்ட்வேர் உண்டா, மெயிலை ப்ரவுசரில் பார்க்கிறீர்களா அவுட்லுக்கிலா என்று தனித்தனியாகக் கேட்பேன். என்ன பதில் வந்தாலும் முழு பேக்கப் எடுத்த பிறகுதான் கை வைப்பேன். இரண்டு வாரம் கழித்து அந்த பேக்கப்பை அழித்துவிடுவேன் என்று ரசீதிலேயே எழுதிக் கொடுப்பேன். அடுத்தவர் வீட்டுப் படங்கள் நம்மிடம் கிடக்கக் கூடாது.

ஹார்ட் டிஸ்க் டக், டக் என்று தட்டினால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். உள்ளே தகவலைப் படிக்கும் தலை (ஹெட்) பழுதாகியிருக்கலாம். ஒவ்வொரு முறை சுழலும்போதும் தகவல் பதிந்திருக்கும் வட்டத் தட்டு கீறப்படும் ஆபத்து உண்டு. அது டேட்டா மீட்பவர் வேலை. சத்தமில்லாமல் பேட் செக்டர் (டிஸ்க்கில் படிக்க முடியாத இடங்கள்) மட்டும் என்றால் முதலில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளில் நகலெடுங்கள், மிச்ச வேலையை நகலில் பாருங்கள். விண்டோஸில் டிஸ்க் பிழை திருத்தும் செக் டிஸ்க்கை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இன்னொரு தலைவலி. புது லேப்டாப்கள் பலவற்றில் உரிமையாளருக்கே தெரியாமல் அது ஆன் ஆகியிருக்கும். பயாஸை (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தாலோ மதர்போர்டை மாற்றினாலோ, பூட்டைத் திறக்க 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கலாம். அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று அவரை எதிரே உட்காரவைத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

வாங்கும்போதே மாடல், சீரியல் நம்பர், சார்ஜர் உண்டா, கீல் உடைந்திருக்கிறதா எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், போட்டோவும் எடுங்கள். "கொடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு" என்ற பேச்சு கட்டாயம் வரும். ஸ்க்ரூக்களை எடுத்த இடவாரியாக வையுங்கள். குட்டைத் துளையில் நீள ஸ்க்ரூவை ஏற்றினால் மேல்பக்கம் முட்டிக்கொண்டு வந்துவிடும், அதற்குப் பணம் உங்கள் பையிலிருந்துதான்.

முன்னறை தாராளமாகப் போதும். ஆனால் உப்பிய பேட்டரி வந்தால் குத்தாமல், அழுத்தாமல் கழற்றி, எரியும் பொருள் இல்லாத இடத்தில் வெளியே வையுங்கள். பழைய பேட்டரியை முறையாக வாங்கிக்கொள்ளும் இடம் எது என்று கடை திறப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.