கற்றல் கோட்பாடுகளுக்கும் வகுப்பறையில் உள்ள ஸ்மார்ட் போர்ட்டுக்கும் என்ன தொடர்பு?

கல்வியியல் கல்லூரியில் ஸ்கின்னர், பியாஜே, வைகொட்ஸ்கி என்று கற்றலை ஆராய்ந்த உளவியலாளர்களை மூன்று ஆண்டுகள் படித்தோம், பாடசாலைக்கு வந்தால் ஸ்மார்ட் போர்ட் என்னும் கணினித் திரைப் பலகையைக் காட்டிக் கற்பிக்கச் சொல்கிறார்கள், படித்ததற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறீர்கள். அண்மையில் நியமனம் பெற்றவராக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். நான் மட்டக்களப்பு படுவான்கரையில் 17 ஆண்டுகளாக விஞ்ஞானம் கற்பிப்பவன். இதே கேள்விக்கு விடை தெரியாமல் ஒரு வகுப்பின் நேரத்தை வீணாக்கியவன் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பாடசாலைக்கு ஸ்மார்ட் போர்ட் வந்த ஆண்டில், தரம் 10 மாணவருக்கு மின்னோட்டம் பற்றிய பாடத்தை இரண்டு இரவுகள் கண்விழித்துத் தயாரித்தேன். கம்பிக்குள் மஞ்சள் நிற இலத்திரன்கள் ஓடும். பக்கத்தில் சூத்திரம் தோன்றும். கீழே விளக்கம் எழுத்தாக வரும், அதையே நான் வாயாலும் வாசிப்பேன். பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியைப் பாடம் விளங்கியதன் அடையாளம் என்று எடுத்துக்கொண்டு மிகுந்த நிறைவோடு வீடு திரும்பினேன்.

அடுத்த கிழமை ஒரேயொரு வினா கொடுத்தேன்: ஒரே வகையான இரண்டு மின்குமிழ்களைத் தொடராக இணைத்தால் எது கூடப் பிரகாசிக்கும்? வகுப்பில் பெரும்பாலானோர் "முதலாவது குமிழ்" என்று எழுதியிருந்தார்கள். ஏன் என்று கேட்டபோது ஒரு மாணவி எழுந்து, "முதல் பல்ப் தனக்குத் தேவையான கரண்ட எடுத்துப்போட்டு மிச்சத்தத்தானே சேர் மத்ததுக்கு விடும்? வாய்க்கால் தண்ணியும் அப்படித்தானே" என்றாள்.

அவள் வேளாண்மைக் குடும்பத்துப் பிள்ளை. வாய்க்கால் தலைப்பில் உள்ள வயல் நிறைந்த பிறகுதான் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டும் என்பதையும், சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்தால் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையிடம் முறையிடப் போகிறவர் எந்த வயற்காரர் என்பதையும் நினைவு தெரிந்த நாள் முதல் பார்த்து வளர்ந்தவள். அந்த அறிவு பிழையானதன்று. வாய்க்காலுக்குச் சரியான அதை மின்சுற்றுக்கும் அவள் பொருத்திக்கொண்டாள். இரண்டு இரவுகள் செலவிட்டு நான் செய்த அசைபடம், அவளிடம் ஏற்கெனவே இருந்த அந்த வாய்க்காலைத் தொடவேயில்லை. சொல்லப்போனால், ஓடும் மஞ்சள் புள்ளிகள் அதை இன்னும் உறுதிப்படுத்தியிருக்கும்.

பியாஜேயும் அவர் வழிவந்த கட்டுருவாக்கவாதிகளும் சொன்னது எனக்கு அன்றுதான் விளங்கியது. பிள்ளை வெறும் பாத்திரமாக வருவதில்லை, தான் கட்டிவைத்த ஒரு விளக்கத்தோடு வருகிறது, அந்த விளக்கம் பிள்ளையின் கண் முன்னே தோற்காதவரை புதியது உள்ளே நுழையாது. அதைப் போலவே, ஒரே நேரத்தில் மனம் தாங்கக்கூடிய சுமைக்கு எல்லை உண்டு என்று கல்வி உளவியலாளர் ஸ்வெல்லர் 1988 இல் எழுதியதும், திரையில் உள்ள வாசகத்தையே ஆசிரியரும் வாசித்தால் கற்றல் குறையக்கூடும் என்று அதே துறையைச் சேர்ந்த மேயர் காட்டியதும் என் பாடத்தின் மற்றக் குறைகளைச் சொல்லின. 2007 பாடத்திட்ட மறுசீரமைப்போடு வந்த, ஈடுபடுத்தல், ஆராய்தல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற ஐந்து படிகள் கொண்ட ஐந்து ஈ (5E) அணுகுமுறையில் விளக்கம் மூன்றாவது படியாகத்தான் வருகிறது. பாடக்குறிப்பில் அந்தப் படிகளை ஒழுங்காக எழுதிவிட்டு, வகுப்பில் விளக்கத்தை முதலில் வைத்தவன் நான்.

இரண்டாம் முறை வேறு விதமாகச் செய்தேன். முதலில் ஒவ்வொருவரும் தன் விடையையும் காரணத்தையும் கொப்பியில் எழுத வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவருடன் வாதிட வேண்டும். தனியே எட்டாததைப் பிறரோடு பேசி எட்டலாம் என்ற வைகொட்ஸ்கியின் கருத்து இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. அதன் பின்னர் இரண்டு உலர்கலங்களையும் இரண்டு டோர்ச் குமிழ்களையும் இணைத்தோம். ஒரு குமிழ் சற்று மங்கலாக எரிந்தது. "பாத்தீங்களா சேர்" என்று வகுப்பே எழுந்தது. குமிழ்களை இடம் மாற்றச் சொன்னேன். அதே குமிழ் புதிய இடத்திலும் மங்கலாகவே எரிந்தது. ஆகவே காரணம் இடமன்று, குமிழ்தான். இரண்டும் சரிசமமாக இருந்தால் என்ன ஆகும்? கடைச் சாமானைக் கொண்டு அதைத் தீர்க்க முடியாது.

அந்த நேரத்தில்தான் கணினியைத் திறந்தேன். கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002 இல் தொடங்கிய ஃபெட் (PhET) திட்டத்தின் மின்சுற்றுச் செயலி இலவசமானது, முன்பே தரவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் இயங்கும். அதில் இரண்டு குமிழ்களும் துல்லியமாக ஒன்றே. ஒரு மாணவன் முன்னே வந்து, முதற்குமிழுக்கு முன்னும் இரண்டுக்கும் நடுவிலும் கடைசியிலும் மின்னோட்டத்தை அளக்கும் அம்பியர்மானியை வைத்துப் பார்த்தான். மூன்று இடத்திலும் ஒரே அளவு. அந்த மாணவி நெடுநேரம் திரையையே பார்த்திருந்துவிட்டு, "அப்ப பல்ப் என்னத்தத்தான் சேர் எடுக்குது?" என்று கேட்டாள். சக்தி பற்றிய பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினேன்.

பாட அவதானிப்புக்கு வந்த ஓர் அதிகாரி, இதே முறையில் நடந்த இன்னொரு பாடத்தைப் பார்த்துவிட்டு, 40 நிமிடத்தில் ஸ்மார்ட் போர்ட் 10 நிமிடம்கூட எரியவில்லை, தொழில்நுட்பம் போதியளவு பயன்படுத்தப்படவில்லை என்று பதிவேட்டில் எழுதினார். பிள்ளைகள் என்ன வாதிட்டார்கள் என்று அவர் ஒரு கொப்பியையும் திறந்து பார்க்கவில்லை. அந்த வரி இன்றும் எனக்கு வலிக்கிறது. போர்ட் எரிந்த நிமிடங்களை எண்ணுவது எளிது என்பதற்காக அதையே கற்பித்தலின் அளவாகக் கொள்வதை நான் ஏற்கமாட்டேன்.

இதை வாசித்துவிட்டு, இவர் தொழில்நுட்பத்துக்கு எதிரானவர் என்றோ, கட்டுருவாக்கவாதம் ஒன்றையே பிடித்துக்கொண்டவர் என்றோ யாரும் முடிவுசெய்ய வேண்டாம். மின்சுற்றுக் குறியீடுகளையும் அலகுகளையும் மனதில் பதிப்பதற்கு வாதம் தேவையில்லை, பயிற்சிதான் தேவை. 1953 இல் தன் மகளின் கணித வகுப்பைப் பார்க்கச் சென்ற ஸ்கின்னர், விடை சரியா பிழையா என்று தெரியாமலே பிள்ளைகள் காத்திருப்பதையும், எல்லோரும் ஒரே வேகத்தில் நகர வேண்டியிருப்பதையும் கண்டுதான், விடை சரியா என்று உடனே காட்டும் தன் கற்பித்தற் பொறியை உருவாக்கினார். கைபேசியில் விடையை உடனே சரிபார்த்துச் சொல்லும் சிறுவினாக்கள் அந்தப் பொறியின் வழிவந்தவை, அவ்வேலைக்கு அவை மிக நன்று. ஆனால் வாய்க்காலை நம்பியிருக்கும் பிள்ளைக்கு அத்தகைய 20 வினாக்களைக் கொடுத்தால், சரியான விடையை மனனம் செய்துகொண்டு வாய்க்காலையும் வைத்துக்கொள்ளும்.

ஆகவே நாளைய பாடத்துக்கு எந்தக் காணொளி என்று தேடுவதற்கு முன், இந்த அலகில் பிள்ளைகள் எதைப் பிழையாக நம்பியிருப்பார்கள் என்று ஒரு வினா எழுதிக் கொடுத்துப் பாருங்கள். விடைகளை வாசித்தால் உங்களுக்குத் தேவை பயிற்சியா, பிழையான நம்பிக்கையோடு மோதலா, வெறும் படமா என்பது தெரிந்துவிடும். காணொளிதான் வேண்டும் என்றால், முடிவு தெரியும் இடத்துக்குச் சற்று முன் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். நீங்கள் கற்பிக்கும் பாடமும் தரமும் எவை என்று கேள்வியில் குறிப்பிடவில்லை. விஞ்ஞானமாக இருந்தால் எழுதுங்கள், என் மாணவர்களிடம் நான் கேட்டுவரும் வினாக்களை அனுப்பிவைக்கிறேன்.