காயில் கட்டியும் தீராத கோளாறு: ரோட்டாரைப் பாருங்கள்

ஆரணிப் பக்கம் அரிசி ஆலை நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி: "எங்கள் பாய்லரில் புகை உறிஞ்சும் விசிறியை ஓட்டுவது 40 எச்பி, 4 துருவ மோட்டார். ஓராண்டில் இரண்டு முறை காயில் எரிந்து, இரண்டு முறையும் புதிதாகக் கட்டினோம். பட்டறையில் அழகாக ஓடுகிறது. இங்கே மாட்டினால் வேகம் பிடிக்க நேரமாகிறது. ஆம்பியர் மீட்டர் முள் ஒரே சீராக ஆடுகிறது. பிரிக்காமலே காரணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? பொறியியல் படிக்கும் என் மகள் கணினியில் மாதிரி அமைத்துப் பார்க்கலாம் என்கிறாள். பயன் உண்டா?"

காயில் கட்டியவர் மீது கோபப்படாதீர்கள். அவர் வேலை சரியாகவே இருக்கக்கூடும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ரோட்டாரின், அதாவது மோட்டாருக்குள் சுழலும் பகுதியின், கம்பி உடைந்திருப்பதைக் காட்டுகின்றன. பட்டறையில் மோட்டார் சும்மா ஓடும்போது ரோட்டார் கம்பிகளில் மின்னோட்டம் அநேகமாக இருக்காது. எனவே உடைந்த கம்பியும் தெரியாது. லோடு ஏறினால்தான் கோளாறு வெளியே வரும்.

முள் ஏன் ஆடுகிறது? அணில் கூண்டு ரோட்டாரில் (கம்பிகளை இரு முனையிலும் வளையத்தால் இணைத்தது) ஒரு கம்பி அறுந்தால் அதன் பங்கு மின்னோட்டம் பக்கத்துக் கம்பிகளில் பாயும். ரோட்டாரின் காந்தப்புலம் சமநிலை இழந்து, எதிர்த்திசையில் சுழலும் ஒரு சிறு புலமும் சேர்ந்துகொள்ளும். அதுதான் ஸ்டேட்டர் (காயில் கட்டியிருக்கும், சுழலாத பகுதி) மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் காட்டுகிறது. இந்த ஆட்டத்துக்குக் கணக்கு உண்டு. 50 ஹெர்ட்ஸில் 4 துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும். உங்கள் மோட்டார் லோடில் 1470 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். குறைவது 30. அதைத் துருவ எண்ணிக்கையான 4-ஆல் பெருக்கினால் 120. அதாவது முள் நிமிடத்துக்கு 120 முறை, நொடிக்கு 2 முறை ஆட வேண்டும்.

ஒரு டேக்கோமீட்டரும் (சுற்று வேகம் அளக்கும் கருவி) கடிகாரமும் போதும். வேகத்தை அளந்துகொண்டு, அதே வேளையில் அரை நிமிடம் முள்ளின் ஆட்டத்தை எண்ணுங்கள். மின்வாரியத்தின் அலைவெண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள், 49.9 ஹெர்ட்ஸ் என்றால் 1500 அல்ல, 1497-இலிருந்து கழிக்க வேண்டும். 30 சுற்றில் 3 சுற்றுப் பிழை சிறியதல்ல. கணக்கும் எண்ணிக்கையும் ஒத்துப்போனால் சந்தேகம் பெரும்பாலும் உறுதி. உங்களுடையது சீரான லோடு என்பது நல்வாய்ப்பு; கல் உடைக்கும் இயந்திரமாக இருந்தால் லோடே முள்ளை ஆட்டிவிடும்.

இதே செய்தியைத் துல்லியமாகச் சொல்வது மின்னோட்ட அலைப் பகுப்பாய்வு: மின்னோட்டத்தில் எந்த அலைவெண் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சிகரங்களாக வரைந்து காட்டும் முறை. மேலே சொன்ன கணக்குப்படி 50 ஹெர்ட்ஸ் சிகரத்தின் இருபுறமும் 48, 52 ஹெர்ட்ஸில் சிறு சிகரங்கள் தோன்றும். அவை பெரிய சிகரத்தைவிட 54 டெசிபலுக்கு (சிகரங்களின் அளவை ஒப்பிடும் அலகு) மேல் தாழ்ந்திருந்தால் கவலை இல்லை. 45 டெசிபலுக்குள் நெருங்கினால் ரோட்டாரைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். கிட்டத்தட்ட முழு லோடில், குறைந்தது 10 நொடி பதிவு செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இவ்வளவு நெருக்கமான சிகரங்கள் பிரிந்து தெரியாது.

உங்கள் மகள் சொல்வது சரி. ஆனால் பாடநூலில் வரும் ஒரு பேஸ் சமான மின்சுற்றை (மோட்டாரை ஒரே பேஸின் எளிய சுற்றாகக் காட்டுவது) வைத்துக்கொண்டு இதைப் பார்க்க முடியாது. எல்லாக் கம்பிகளும் ஒன்றுபோல் இருப்பதாகவே அது எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கம்பியையும் தனித்தனிக் கண்ணியாக (மூடிய மின்சுற்றாக) எழுதி, ஒன்றின் மின்தடையை மட்டும் பல மடங்கு உயர்த்தச் சொல்லுங்கள். விசிறியின் நிலைமத்தையும் (வேக மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) சேர்க்க வேண்டும். வேகம் மாறாது என்று வைத்தால் 48 ஹெர்ட்ஸ் சிகரம் மட்டுமே வரும். 52 ஹெர்ட்ஸ் சிகரம், வேகம் ஏறி இறங்குவதால் பிறப்பது. கனத்த விசிறி அந்த ஏற்ற இறக்கத்தை அமுக்கிவிடுவதால் உங்கள் ஆலையிலும் 52 சிறிதாகவே தெரியலாம். அதைப் பார்த்து அளவீடு தவறு என்று முடிவு செய்துவிடக் கூடாது.

எரிந்த பழைய காயிலின் படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். டெல்டாவில் (மூன்று பேஸ் காயில்களையும் முக்கோணமாக இணைத்து) ஓடும் மோட்டாரில் ஒரு பேஸ் மட்டும் கருகியிருந்தால் சப்ளையில் ஒரு பேஸ் போனதுதான் காரணம். அது வேறு வழக்கு. மூன்றும் ஒரே சீராகக் கருகியிருந்தால் நெடுநேர ஸ்டார்ட்டிங், அதிக லோடு போன்றவை காரணம். ரோட்டார் பழுதானால் கிளம்பும் விசை குறையும். கனத்த விசிறி வேகம் பிடிப்பதற்குள் காயில் வெந்துவிடும். கரண்ட் போய் வந்த பின் அடுத்தடுத்து ஸ்டார்ட் செய்வதுதான் கம்பிகளையும் முதலில் உடைக்கிறது.

அடுத்து மோட்டாரைக் கழற்றும்போது, காயிலைப் பிரிக்கும் முன்பே பட்டறையில் ஒரு சோதனை கேளுங்கள். மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு மட்டும் வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வழியாகக் குறைந்த வோல்டேஜ் கொடுத்து, மின்னோட்டம் பெயர்ப்பலகை அளவைத் தாண்டாமல் நிறுத்தி, தண்டை மெல்லக் கையால் திருப்ப வேண்டும். நல்ல ரோட்டாரில் முள் அசையாது. திருப்பத் திருப்ப 3 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கினால் கம்பி உடைந்திருக்கிறது. ரோட்டாரை வெளியே எடுத்தால், உடைந்த இடத்துக்கு மேலே தகடு நீலம் பாய்ந்தோ கருகியோ இருப்பதைப் பல நேரம் கண்ணாலேயே காணலாம்.

அலுமினிய வார்ப்பு ரோட்டாராக இருந்தால் ஒட்டவைக்க முயல வேண்டாம். புது ரோட்டார் அல்லது புது மோட்டார். மூன்றாவது முறை காயிலுக்குச் செலவழிக்கும் முன் அதற்கு விலை கேட்டுவிடுங்கள்.