மருத்துவமனைப் படுக்கையில் தொழுவது எப்படி?

கேள்வி: இடுப்பெலும்பு முறிந்து ராமநாதபுரத்தில் சேர்த்திருக்கும் என் வாப்பா, தொழுகை விட்டுப்போகிறதே என்று அழுகிறார். என்ன செய்வது?

பதில்: விட்டுப்போகவில்லை என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். நின்று தொழ வேண்டும். முடியாவிட்டால் உட்கார்ந்து, அதற்கும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து என்று மூல நோயால் வாடிய தோழர் இம்ரான் பின் ஹுசைனுக்கு நபியவர்கள் சொன்னது புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. புரளவே முடியாதவர் மல்லாந்தபடி, கால்களைக் கிப்லா (மக்காவின் கஅபா இருக்கும் திசை) பக்கம் நீட்டி, தலையசைத்துத் தொழலாம். நம் கரையில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே. கட்டிலைத் திருப்ப நர்ஸிடம் கேளுங்கள். காலில் எடை தொங்கினால் நீங்களாகத் தொடவேண்டாம்.

தண்ணீர் படக்கூடாது என்று மருத்துவர் சொன்னால், தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் உளூவுக்குப் பதிலாக, மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவும் தயம்மும். ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட மரபில்) புழுதி உள்ள மண் வேண்டும். அலசிய கடல் மணல் போதாது. என் வாப்பா மருத்துவமனையில் இருந்தபோது என் உம்மா, கீழக்கரை வீட்டுக் கொல்லை மண்ணைச் சலித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்தார். இரவுப் பணியில் இருந்த கிறிஸ்தவ நர்ஸ் அது எதற்கென்று கேட்டுக்கொண்டார். மறுநாள் சுபுஹுக்கு (அதிகாலைத் தொழுகைக்கு) அவரே வாப்பாவை எழுப்பி, பாட்டிலைக் கையெட்டும் இடத்தில் வைத்தார்.

மார்க்க அறிஞரான ஆலிம் ஒருவரையும் அழைத்து வாருங்கள். ஆனால் வந்ததும் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓத வேண்டாம். கடைசி நேரம் வந்துவிட்டதோ என்று நோயாளி பயந்துவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து பேசட்டும், பிறகு துஆ (பிரார்த்தனை) கேட்கட்டும்.