இசை முடியும் இடம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். பீத்தோவனைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்தபின், அவருக்கு அடுத்து வந்த, உணர்ச்சியை முன்னிறுத்திய ரொமான்டிக் காலத்து இசையமைப்பாளர்களை ஓராண்டாகத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். மேற்கத்திய இசையில் எனக்குப் பயிற்சி எதுவும் இல்லை. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காது மட்டும்தான். அலுவலகத்துக்குப் போகவர ஆகும் இரண்டு மணிநேர ரயில் பயணமே நான் இசை கேட்கும் நேரம்.

என் பட்டியலில் முதலிடம் சைக்கோவ்ஸ்கிக்கு. அவருடைய ஆறாவது சிம்பொனியை, பெரிய இசைக்குழு நான்கு பகுதிகளாக வாசிக்கும் அந்தப் படைப்பை, முதன்முறை கேட்டபோது, பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அடுத்து ஷோப்பான், மழைநாளுக்கென்றே செய்ததுபோல அவ்வளவு மென்மை. மூன்றாவது ஷூபர்ட். பிராம்ஸிடம் மட்டும் நெருங்க முடியவில்லை. நன்றாகக் கட்டிய வீடு, ஆனால் உள்ளே ஆள் இல்லை என்பதுபோல் இருக்கிறது. சைக்கோவ்ஸ்கிக்கே பிராம்ஸைப் பிடிக்காது என்று படித்தபோது சற்று ஆறுதலாகக்கூட இருந்தது.

உங்கள் வரிசை என்ன? பிராம்ஸை ரொமான்டிக் என்று சொல்வது சரிதானா? அவரை எங்கிருந்து தொடங்குவது?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

வரிசையைக் கேட்டிருக்கிறீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஷூபர்ட், பிராம்ஸ், ஷூமான், அதன்பின் சைக்கோவ்ஸ்கியும் ஷோப்பானும். பியானோ மேதை லிஸ்டிடமிருந்து ஒரே ஒரு படைப்பு. நீண்ட இசைநாடகங்கள் எழுதிய வாக்னருக்கு வேண்டிய பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. அது என் குறை. இந்த வரிசைக்குப் பின்னால் ஓர் அளவுகோல் உண்டு. ஒரு படைப்பு எப்படி முடிகிறது என்பதை வைத்துத்தான் நான் இவர்களை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அந்தப் பழக்கம் ஒரு கேசட்டால் வந்தது. நீங்கள் குறிப்பிடும் அதே ஆறாவது சிம்பொனியை நண்பர் ஒருவர் எனக்குத் தொண்ணூறு நிமிட கேசட்டில் பதிந்து கொடுத்தார். ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். அந்தப் பதிவோ அதைவிடச் சற்று நீளம். ஆகவே நான்காம் பகுதியில், வயலின்கள் எல்லாம் ஓய்ந்துகொண்டிருக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், டேப் நின்றுவிடும். சோகமான இசை அப்படித்தான் சட்டென்று அறுந்து முடியும் போலும் என்று நான்கைந்து வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு முழுமையாகக் கேட்டபோதுதான் இழந்தது என்ன என்று தெரிந்தது. பெரிய வெண்கலத் தட்டான டாம்டாம் ஒரே ஒருமுறை மெல்ல ஒலிக்கிறது. அதைத் தொடர்ந்து டிராம்போன்களும் டியூபாவும் சவ ஊர்வலத்தில் கேட்பதுபோன்ற சில கார்டுகளை (பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் கூட்டு) வாசிக்கின்றன. அதன்பின் செல்லோக்களும் டபுள் பேஸ்களும் மட்டும் மிஞ்சி, நாடித்துடிப்பு குறைவதுபோலக் குறைந்து, எது கடைசி ஸ்வரம் என்று சொல்ல முடியாத இடத்தில் நின்றுபோகின்றன. என் கேசட்டில் இல்லாதது அந்த மூன்று நிமிடம்தான். அதில்தான் அந்தச் சிம்பொனியே இருக்கிறது.

முடிவுக்கு ஏன் இவ்வளவு கனம்? பீத்தோவன் 1808-இல் அரங்கேற்றிய ஐந்தாவது சிம்பொனி, இருண்ட சாயல் கொண்ட சி மைனரில் போராட்டமாகத் தொடங்கி, வெளிச்சமான சி மேஜரில் வெற்றி முழக்கமாக முடிகிறது. போதும் போதும் என்று நாம் சொன்ன பிறகும் அந்தக் கடைசி கார்டுகள் விடாமல் அறைந்துகொண்டே இருக்கும். இருளிலிருந்து ஒளிக்குப் போகும் அந்தப் பாதையைத் தமக்குப் பின் வந்த எல்லோருக்கும் அவர் சொத்தாகவும் கடனாகவும் விட்டுச் சென்றார். பின்னால் வந்தவர்களால் அந்த வெற்றியை மனதார நம்ப முடியவில்லை என்பதே என் எண்ணம். நம்ப முடியாதபோது என்ன செய்தார்கள் என்பதில்தான் ஒருவருக்கொருவர் வேறுபடுகிறார்கள்.

சைக்கோவ்ஸ்கி தம் ஐந்தாவது சிம்பொனியில் அந்தப் பழைய பாதையிலேயே போனார். முதல் பகுதியில் மைனரில் முனகிய விதியின் மெட்டு, கடைசிப் பகுதியில் மேஜருக்கு மாறிக் கொடி பிடித்து நடக்கிறது. அவருக்கும் பிராம்ஸுக்கும் ஆகாது என்று நீங்கள் படித்தது உண்மையே. 1886-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் பிராம்ஸைச் சரக்கில்லாதவர் என்கிற அளவுக்கு வைதிருக்கிறார். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1888 புத்தாண்டு நாளில் லைப்ஸிக்கில் இருவரும் நேரில் சந்தித்தார்கள். ஆள் நல்லவர், இசைதான் பிடிக்கவில்லை என்ற அளவுக்கு சைக்கோவ்ஸ்கி இறங்கிவந்தார். அடுத்த ஆண்டு ஹாம்பர்கில் சைக்கோவ்ஸ்கி தம் ஐந்தாவது சிம்பொனியை நடத்தவிருந்தபோது, பிராம்ஸ் ஊருக்குக் கிளம்புவதை ஒருநாள் தள்ளிப்போட்டு ஒத்திகையைக் கேட்டார். பிடித்திருந்தது என்றார், கடைசிப் பகுதி நீங்கலாக. (இருவருக்கும் பிறந்தநாள் மே 7 என்பது சோதிடர்களுக்கு வேலை கொடுக்கும் செய்தி.) பிராம்ஸ் சொன்னதால் சைக்கோவ்ஸ்கி மாறினார் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் நான்கே ஆண்டுகளில் அவர் எழுதிய ஆறாவதில், வெற்றி முழக்கத்தைத் தூக்கி மூன்றாம் பகுதியில் வைத்துவிட்டு, கடைசியில் புலம்பலை வைத்தார். கச்சேரிகளில் மூன்றாம் பகுதி முடிந்ததும் இன்றைக்கும் சிலர் கைதட்டிவிடுகிறார்கள். அவர்களைக் கேலி செய்யத் தேவையில்லை. இசை அவர்களை அங்கே ஏமாற்றத்தான் பார்க்கிறது.

நான்காம் பகுதியின் தொடக்கத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. உங்களை ஜன்னல் பக்கம் திரும்பவைத்த, இறங்கி இறங்கி வரும் அந்த மெட்டை இசைக்குழுவில் யாருமே வாசிப்பதில்லை. ஒரு ஸ்வரம் முதல் வயலின்களுக்கு, அடுத்தது இரண்டாம் வயலின்களுக்கு என்று மாற்றி மாற்றிப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். ஒரு வரிசையை மட்டும் தனியாக வாசிக்கச் சொன்னால் அர்த்தமில்லாத தாவல்கள்தான் கேட்கும்; இரண்டும் சேரும்போது நம் காதில்தான் அந்த மெட்டு பிறக்கிறது. அதே மெட்டு பின்னால் திரும்பி வரும்போது முதல் வயலின்களிடம் முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. கண்ணீரைக் கொட்டினார் என்று சொல்லப்படும் மனிதர், ஸ்வரம் ஸ்வரமாகக் கணக்குப் போட்டுச் செய்த வேலை இது. 1893 அக்டோபர் 28 அன்று பீட்டர்ஸ்பர்கில் அவரே நடத்தி அரங்கேற்றிய பிறகு, ஒன்பது நாளில் இறந்துபோனார் என்பதால் இதைத் தற்கொலைக் கடிதம்போலக் கேட்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

இப்போது உங்கள் ஆளில்லாத வீட்டுக்கு வருகிறேன். பீத்தோவனின் கடன் யாரையும்விட அதிகமாக அழுத்தியது பிராம்ஸைத்தான். முதல் சிம்பொனியை இருபதாண்டுக்கும் மேல் மனதில் சுமந்து, 1876-இல் அது அரங்கேறும்போது அவருக்கு 43 வயது. அதிலும் பீத்தோவன் பாதையில்தான், சி மைனரிலிருந்து சி மேஜருக்குப் போகிறார். கடனை அப்படி வட்டியோடு அடைத்த பிறகுதான் அவருக்கு விடுதலை கிடைத்தது என்று தோன்றுகிறது. 1883-இல் வந்த மூன்றாவது சிம்பொனியின் நான்கு பகுதிகளுமே தணிந்த ஒலியில் முடிகின்றன. முதல் பகுதியின் தொடக்கத்தில் பாறை உருண்டு வருவதுபோல் விழுந்த மெட்டு, கடைசிப் பக்கத்தில் திரும்பி வரும்போது வயலின்களின் நடுக்கத்துக்குள் இலை உதிர்வதுபோல் இறங்குகிறது. மேஜரில்தான் முடிகிறது, ஆனால் யாரும் எதையும் வென்றதாகத் தெரியவில்லை.

நான்காவது சிம்பொனி (1885) நேரெதிர். அதன் இறுதிப் பகுதி ஒரு பாஸகாலியா: எட்டு பார் (நம் தாள ஆவர்த்தனம் போன்ற அளவு), எட்டு ஸ்வரம் கொண்ட ஒரு சிறு வரிசை, அதையே அடித்தளமாக வைத்து முப்பது மாற்றங்கள். பழைய ஜெர்மன் இசைமேதை பாக்கின் ஒரு தேவாலய இசையிலிருந்து எடுத்து, ஒரு ஸ்வரத்தைக் கூட்டிக் கூர்மையாக்கிக்கொண்டது. ஒரே பல்லவி வரியை வைத்து நிரவல் பாடுவதைக் கேட்டுப் பழகிய உங்களுக்கு இது எளிதில் பிடிபடும். எட்டெட்டாக விரலில் எண்ணிக்கொண்டு கேளுங்கள். டிராம்போன் வாசிப்பவர்கள் முதல் மூன்று பகுதிகளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அரை மணிநேரத்துக்கு மேல் காத்திருந்து, இந்தக் கடைசிப் பகுதியின் முதல் ஸ்வரத்தில்தான் அவர்கள் வாசிக்கத் தொடங்குகிறார்கள். நடுவில் மேஜருக்கு மாறும் மூன்று மாற்றங்களில் அவர்களுக்கு ஒரு பிரார்த்தனை கிடைக்கிறது. ஒளி வந்துவிட்டது என்று நினைக்கும்போது ஈ மைனர் திரும்பப் பாய்கிறது, அதன்பின் இரக்கமே கிடையாது, ஈ மைனரிலேயே முடிகிறது. வீட்டில் ஆள் இல்லாமல் இல்லை, ச. அவர் வாசலில் வந்து அழுவதில்லை, அவ்வளவுதான். சுவரைக் கட்டியதே உள்ளிருப்பது வெடித்துவிடாமல் இருக்கத்தான். ரொமான்டிக்கா என்ற கேள்விக்கு என் பதில் இதுவே. அடக்கி வைத்திருப்பவரிடம் இருக்கும் சூடு, கொட்டித் தீர்த்தவரிடம் இருப்பதைவிடக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. 1897 மார்ச்சில், நோய் முற்றிய நிலையில், வியன்னாவில் இதே சிம்பொனியைக் கேட்க வந்தார். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அரங்கம் அவரைப் பார்த்துக் கைதட்டியது. ஒரு மாதத்துக்குள் இறந்துவிட்டார்.

ஷோப்பானை மென்மை என்று மட்டும் சொன்னதை நான் மறுக்க வேண்டும். மயோர்க்கா தீவில் 1839-இல் முடித்த 24 பிரெலூட்களில் (பியானோவுக்கான சிறு படைப்புகள்), உங்கள் மழைநாளுக்கு ஏற்ற, ‘மழைத்துளி’ என்று பெயர்பெற்றது பதினைந்தாவது. இருபத்துநான்காவதைக் கேளுங்கள்: புயல்போல ஓடி, கடைசியில் பியானோவின் அடிவாரத்தில் ஒரே ஸ்வரத்தை மூன்று தடவை அறைந்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். லிஸ்டிடமிருந்து நான் எடுத்துக்கொள்ளும் அந்த ஒன்று, தனிப் பியானோவுக்கான பி மைனர் சொனாட்டா. வாணவேடிக்கைக்காரர் என்று பெயரெடுத்த மனிதர். அதன் கையெழுத்துப் பிரதியில் ஆரவாரமான ஒரு முடிவை எழுதி, அதை அடித்துவிட்டு, அமைதியான முடிவொன்றை எழுதியிருக்கிறார். அந்த ஒரு அடித்தலுக்காக அவருடைய மற்ற சத்தங்களை நான் மன்னித்துவிட்டேன்.

ஷூமான் 1840-இல் ஜெர்மன் கவிஞர் ஹைனேயின் கவிதைகளுக்கு இசையமைத்த ‘கவிஞனின் காதல்’ பதினாறு பாடல்கள் கொண்டது. கடைசிப் பாட்டில் காதலன் தன் காதலையும் வலியையும் புதைக்க ராட்சத சவப்பெட்டி ஒன்று கேட்கிறான். தூக்க பன்னிரண்டு அரக்கர்கள் வேண்டுமாம். பாதிக் கேலி, பாதிக் கோபம். பாடகர் நிறுத்திவிடுகிறார். பியானோ நிறுத்துவதில்லை. நான்கு பாடல்களுக்கு முன், அவன்மேல் இரங்கிப் பூக்கள் பேசிய இடத்தில் வந்த இசையை மீண்டும் எடுத்து, தனியாக வாசித்துக்கொண்டே போகிறது. சொல்லில் கிடைக்காத மன்னிப்பு அங்கே கிடைக்கிறது.

ஷூபர்ட் முதலிடத்தில் இருப்பதற்கு ஒரே பாட்டு போதும். வில்ஹெல்ம் முல்லரின் கவிதைகளை வைத்து 1827-இல் அவர் செய்த ‘குளிர்காலப் பயணம்’ 24 பாடல்கள். நண்பர்களுக்கு அவரே பாடிக் காட்டியபோது அவர்கள் திகைத்துப்போனார்கள். ஊர்வாசலில் நிற்கும் லிண்டன் என்ற நிழல்மரத்தைப் பற்றிய ஒரு பாட்டு மட்டும் பிடித்திருக்கிறது என்றார் ஒருவர். தமக்கு மற்றெல்லாப் பாடல்களையும்விட இவையே பிடிக்கின்றன, உங்களுக்கும் ஒருநாள் பிடிக்கும் என்றார் ஷூபர்ட். கடைசிப் பாட்டில், ஊருக்கு வெளியே பனிக்கட்டியில் வெறுங்காலோடு ஒரு கிழவர் நின்று, கைப்பிடியைச் சுழற்றி வாசிக்கும் நரம்பு வாத்தியம் ஒன்றை விரைத்த விரல்களால் வாசித்துக்கொண்டிருக்கிறார். தட்டு காலி. நாய்கள் உறுமுகின்றன. யாரும் கேட்கவில்லை, அவர் சுழற்றுவதை நிறுத்தவுமில்லை. பியானோவின் இடது கை தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஸட்ஜமம், பஞ்சமம் இரண்டையும் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது; தம்பூராவோடு வளர்ந்த காதுக்கு இதை விளக்கவே வேண்டாம். “விசித்திரக் கிழவரே, நானும் உம்மோடு வரவா? என் பாட்டுகளுக்கு நீர் வாசிப்பீரா?” என்று பயணி கேட்கிறான். பியானோ ஒருமுறை உரக்க எழுந்து அடங்குகிறது. பதில் இல்லை. இந்தத் தொகுப்பின் இரண்டாம் பாதியின் அச்சுப்படிகளைத்தான் 1828 நவம்பரில் மரணப் படுக்கையில் அவர் திருத்திக்கொண்டிருந்தார். வயது 31.

பிராம்ஸை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். கிளாரினெட்டோடு நான்கு நரம்பு வாத்தியங்கள் சேரும் கிளாரினெட் குவின்டெட்டிலிருந்து. எழுதியது போதும் என்று முடிவெடுத்திருந்தவர், ஜெர்மனியின் மைனிங்கன் நகரில் முல்ஃபெல்ட் என்ற கலைஞரின் கிளாரினெட்டைக் கேட்டு மனம்மாறி 1891-இல் எழுதியது. உங்கள் ஆறாவது சிம்பொனியின் அதே பி மைனர். முதல் பகுதியின் தொடக்கத்தில் வந்த மெட்டு கடைசிப் பக்கத்தில் திரும்ப வருவதைக் கவனியுங்கள். அதன்பின் மூன்றாவது சிம்பொனி.

ஆனால் ரயிலில் வேண்டாம். இந்தக் கடைசிப் பக்கங்கள் எதுவும் தண்டவாளச் சத்தத்தில் கேட்காது. ஆறாவது சிம்பொனியின் கடைசி மூன்று நிமிடத்தையும் நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்றே சந்தேகப்படுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில், மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.