“அவ்வளவுதானா, ஐயா?” – தண்டனை பற்றிய கேள்வி பதில்

முப்பத்தொரு வருடம் நீதிமன்ற முதலியாராக வேலை செய்தேன். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று மாறி மாறி இருந்தேன். குற்றப்பத்திரத்தை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, வாசித்துக் காட்டுவதும், தண்டனையைத் தமிழில் சொல்லுவதும் என் வேலை. நான் சட்டத்தரணி அல்ல. சட்டத்தரணியிடம் கேட்க வேண்டியதை அவரிடமே கேளுங்கள் என்றுதான் சொல்லுவேன்.

நீங்கள் எழுதிய கேள்விகளுக்குப் பதில் தொடங்குமுன் ஒரு விசயம். பொலிஸில் கொடுக்கும் முதல் வாக்குமூலத்தை வாசிக்கக் கேட்காமல் கையெழுத்து வைக்காதீங்க. வாசித்துக் காட்டச் சொல்லுவது உங்கள் உரிமை. உங்களுக்கு விளங்காத மொழியில் எழுதியிருந்தால் தமிழில் எழுதச் சொல்லுங்க.

களுவாஞ்சிகுடிப் பக்கம், ஒரு தாய்: முதலியார் ஐயா, என்ர மகன் சைக்கிள்ல வரக்குள்ள டிப்பர் அடிச்சுச் செத்துப் போனான். வயது 19. சாரதி குற்றத்தை ஒத்துக்கொண்டான் எண்டு தண்டமும் ஒத்திவைச்ச சிறையும் குடுத்து விட்டுட்டாங்க. இப்ப அவன் எங்கட வீட்டுக்கு முன்னாலதான் டிப்பர் ஓட்டித் திரியிறான். இதுதானா ஐயா நீதி?

அக்கா, இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

கவனயீனத்தால் மரணம் விளைவிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு. கூடியபட்சம் 5 வருடச் சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். கொலை வழக்கைப் போல இதில் “கொல்ல வேண்டும்” என்ற எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்லை. அதனால்தான் தண்டனையும் குறைவு. 2 வருடத்துக்கு மேற்படாத சிறையை நீதிமன்றம் ஒத்திவைக்கலாம். ஒத்திவைத்த சிறை என்றால் விடுதலை இல்லை. மன்று குறித்த காலத்துக்குள் அவர் சிறைத்தண்டனைக்குரிய வேறு குற்றம் செய்தால், இந்தச் சிறையும் எழும்பி வரும். தீர்ப்பு அவர் பெயரில் குற்றவாளி என்றே நிற்கிறது.

இதெல்லாம் உங்கள் மனதை ஆற்றாது என்று தெரியும். கல்முனையில் இருந்த காலத்தில் இதே மாதிரி ஒரு வழக்கு. தண்டனையை நான்தான் தமிழில் சொன்னேன். எதிரி தண்டத்தைக் கட்டப் போய்விட்டான். செத்த பொடியனின் தாய் பின்வாங்கில் அப்படியே இருந்தா. பகல் இடைவேளைக்கு ஆராய்ச்சி (நீதிமன்றச் சேவகர்) யன்னல்களைச் சாத்திக்கொண்டு வாறார், அவ எழும்பவில்லை. என்னைப் பார்த்து “அவ்வளவுதானா, ஐயா?” என்று கேட்டா. ஓம் என்றேன். மடியில் ஒரு சொப்பிங் பை. அதற்குள்ளே மகனின் சாதாரண தரப் பெறுபேறு, தேசிய அடையாள அட்டை, பந்து விளையாடி எடுத்த சான்றிதழ். யாராவது கேட்பார்கள் என்று கொண்டு வந்திருக்கிறா. ஒருவரும் கேட்கவில்லை.

அன்று எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்ததை இப்போது சொல்லுகிறேன். 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு, பாதிக்கப்பட்டவர்களுக்கு வழக்கில் ஓர் இடம் இருக்கிறது. 2023இல் 10ஆம் இலக்கச் சட்டம் அதற்குப் பதிலாக வந்தது. குற்றவாளி என்று தீர்த்த பிறகு, தண்டனை சொல்லுமுன், இந்தக் குற்றம் உங்கள் வாழ்க்கையை என்ன செய்தது என்று நீங்களோ உங்கள் சட்டத்தரணியோ மன்றுக்குச் சொல்லலாம். நட்டஈடும் கேட்கலாம். ஆனால் இதற்கு நீங்கள் மன்றில் நிற்கவேண்டும். எதிரி குற்றத்தை ஒத்துக்கொள்ளும் நாளில் வழக்கு கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அன்று குடும்பத்தில் ஒருவரும் இல்லாவிட்டால், செத்தவர் வழக்குக் கோவையில் ஒரு பெயர் மட்டுந்தான்.

தண்டனை குறைவு என்று நினைத்தால் என்ன செய்யலாம்? மேன்முறையீட்டுக்கு 14 நாள். அதுவும் சட்டமா அதிபர் தரப்பிலிருந்து வரவேண்டும். நீங்கள் நேரே போகக்கூடிய வழி மீளாய்வு மனு. நீதவான் கொடுத்த தண்டனையை மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு செய்யக் கேட்கலாம். அதற்கு 14 நாள் கணக்கு இல்லை, ஆனால் ஏன் தாமதித்தீர்கள் என்று கேட்பார்கள். தீர்ப்பு எப்போது வந்தது என்று எழுதுங்கள் அக்கா.

வாழைச்சேனை: பிடிச்சவன் மறுநாள் பிணையில வாறான். பிறகென்ன வழக்கு?

பிணை தீர்ப்பு அல்ல. 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டத்தில் பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விலக்கு. கொலை போன்ற, மரண தண்டனைக்கோ ஆயுள் சிறைக்கோ உரிய குற்றங்களில் நீதவான் பிணை கொடுக்கமாட்டார், மேல் நீதிமன்றம்தான். வெளியே வந்தவர் சாட்சியை வெருட்டினால் மன்றுக்கு அறிவித்துப் பிணையை இரத்துச் செய்விக்கலாம். வெருட்டியதை அன்றைக்கே முறைப்பாடு செய்யுங்க. வாக்குமூலத்தை வாசிக்கக் கேட்டுத்தான் கையெழுத்து.

செங்கலடி: புங்குடுதீவு மாணவி வழக்கில தூக்கு எண்டு தீர்ப்பு வந்த நாள் நாங்க சந்தியில வெடி கொளுத்தினோம். இவ்வளவு வருசமாச்சு. தூக்கினாங்களா?

மாணவி வித்தியா கொலை வழக்கு. 2017 செப்ரம்பர் 27, யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் முன்னிலையில், ஏழு பேருக்கு மரண தண்டனை. நானும் வானொலிக்குப் பக்கத்தில் இருந்து கேட்டேன். எனக்கும் நெஞ்சு நிறைந்தது, மறைக்கவில்லை.

ஆனால் தம்பி, இலங்கையில் கடைசியாகத் தூக்கு நிறைவேற்றியது 1976 ஜூன் 23, வெலிக்கடையில். அதற்குப் பிறகும் நீதிமன்றங்கள் மரண தண்டனை விதிக்கின்றன. கொலைக்குச் சட்டம் வேறு தண்டனை வைக்கவில்லை, நீதிபதி விதித்தே ஆகவேண்டும். நிறைவேற்ற ஜனாதிபதி கையெழுத்து வைக்கவேண்டும். 2019இல் போதைப்பொருள் வழக்குக் கைதிகள் நாலு பேருக்குக் கையெழுத்து வைத்ததாக அன்றைய ஜனாதிபதி சிறிசேன அறிவித்தார். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. ஆகவே தூக்கு என்று கேட்டால், நடைமுறையில் நீண்ட சிறை என்று விளங்கிக்கொள்ளுங்கள். வெடி கொளுத்தியதைப் பிழை சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளையின் வழக்கில் விசாரணை கொழும்புக்குப் போய், மரபணு அறிக்கை வந்து, சாட்சிகள் நின்று பிடித்தார்கள். வெடி அதற்குத்தான் பொருந்தும்.

கல்முனை: ஐஸ் விக்கிறவனுகளத் தூக்கினா எல்லாம் நிக்கும். ஏன் செய்யிறாங்கல்ல?

தூக்கைப் பற்றி மேலே சொன்னேன். சட்டத்தில் ஹெரோயின் 2 கிராம், 2022 திருத்தத்துக்குப் பிறகு ஐஸ் போதைப்பொருள் 5 கிராம், அந்த அளவோ அதற்கு மேலோ என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள். சட்டம் மெத்தனம் இல்லை. பொதி பண்ணி முத்திரை வைத்ததிலும், அரச இரசாயனப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பிய சங்கிலியிலும் ஓட்டை விழுந்தால் எதிரி விடுதலை. அப்படி விடுதலையான பல பேருக்கு நானே வாசித்திருக்கிறேன்.

சம்மாந்துறை: எங்கட ஊர்ல மோட்டர்க் கள்ளனப் புடிச்சு கரண்ட் தூண்ல கட்டி வெளுத்தம். அண்டைக்குப் பொறகு ஒரு களவும் இல்ல. நீதிமன்றத்தால ஏலாததை ஊர் செஞ்சுது. நீங்க என்ன சொல்றீங்க, ஐயா?

இதை இந்தளவில் விட எனக்கு ஒண்ணா.

கட்டிய நிமிசத்தில் நீங்கள் சட்டத்துக்கு எதிர்ப்பக்கம் போய்விட்டீர்கள். களவெடுக்கும்போது தடுக்க, பிடிக்க, பொலிஸில் ஒப்படைக்க உரிமை இருக்கிறது. கட்டிய பிறகு அடிக்க இல்லை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டத்துக்கு மாறான ஒரே நோக்கத்தோடு கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். அதில் ஒருவர் செய்ததற்கு எல்லாரும் பொறுப்பு. அடிக்காமல் ஃபோனில் வீடியோ எடுத்தவரும் அதற்குள் அகப்படலாம், அந்த வீடியோதான் முதல் சான்றாக வரும்.

நான் பார்த்த வழக்கைச் சொல்லுகிறேன். வயலில் தண்ணி இறைக்கிற மோட்டர் ஒன்று. களவெடுத்தவனைப் பிடித்துக் கட்டி அடித்தார்கள். மூன்றாம் நாள் ஆசுபத்திரியில் செத்துப்போனான். நாலு பேர் கொலை எதிரிகள், அதில் ஒருவர் மோட்டர்க்காரனின் மச்சான். எல்லாரும் விளக்கமறியல். வழக்கு முடிய ஏழு வருடம். மோட்டர் சான்றுப்பொருள் அறையில் கிடந்தது. வழக்கு இலக்கம் எழுதிய அட்டையைச் சணல் கயிற்றால் கைபிடியில் கட்டியிருந்தார்கள். கடைசியில் எடுத்துப் பார்த்தபோது துரு ஏறி, சுழலாமல் இறுகிப் போயிருந்தது. வயல்காரன் அதைப் பார்க்காமலே கையெழுத்து வைத்துவிட்டுப் போனான்.

வாழைச்சேனை (மீண்டும்): அப்ப எங்களக் கையக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்றீங்களா? பொலிஸில குடுத்தா, நீங்களே சொன்னீங்க, பிணையில வருவான்.

வருவான். வந்து தவணைக்குத் தவணை மன்றுக்கு அலைவான், நீங்கள் சாட்சி சொன்னால். பெரும்பாலும் மூன்றாம் தவணையில் சாட்சிகள் நின்றுவிடுகிறார்கள். வேளாண்மை வெட்டு, கடை பூட்ட ஆள் இல்லை, பஸ் இல்லை. சாட்சி இல்லாமல் விழுந்த களவு வழக்குகளின் கட்டு என் மேசையில் ஒரு முழ உயரம் இருக்கும். தூணில் கட்ட இருபது பேர் வருகிறார்கள், சாட்சிக் கூட்டுக்கு இரண்டு பேர் வாறாங்க இல்லை. என் கோபம் இதில்தான்.

காத்தான்குடி: கள்ளனுக்கு மனித உரிமை பாக்கிறதாலதான் நாடு நாசமாப் போகுது. பிரம்படி சட்டத்தத் திருப்பிக் கொண்டு வரணும்.

பிரம்படி 2005இல் 23ஆம் இலக்கச் சட்டத்தால் நீக்கப்பட்டது.

அக்கரைப்பற்று, ஒரு சகோதரி: சம்மாந்துறைத் தம்பிக்கு நான் சொல்றேன். என்ட தம்பியையும் இப்படித்தான் கட்டினாங்க. சொந்தக்காரங்கட வீடு தேடி இரவு ஒம்பது மணிக்குப் போனவன். ஊர் தெரியாது, ஒழுங்கை மாறிட்டான். கள்ளன் எண்டு சொல்லி அடிச்சாங்க. பொறகு ஆள் மாறிப் போச்சு எண்டு வாப்பாட கையப் புடிச்சு மன்னிப்புக் கேட்டாங்க. அவன் இப்பயும் நொண்டி நொண்டித்தான் நடக்கிறான். வழக்கு வேணாம் எண்டு வாப்பா சொல்லிட்டார்.

தங்கச்சி, இதை எழுதியதற்கு நன்றி. உங்கள் தம்பிக்கு உரிமை இருந்தது, இருக்கிறது. மற்றவர்கள் இதைத் தயவு செய்து இரண்டு தரம் வாசியுங்கள்.

சம்மாந்துறை (மீண்டும்): அந்த ராத்தாட தம்பிட கதை வேற. எங்கட ஆள் மோட்டரோட கையும் களவுமா புடிபட்டவன்.

உங்களுக்கு அன்று சரியான ஆள் அகப்பட்டான். அவர்களும் சரியான ஆள் என்று நம்பித்தான் அடித்தார்கள். இதற்கு மேல் நான் வாதாட வரவில்லை.

மட்டக்களப்பு நகர்: 2005 நத்தார் இரவு மரியாள் பேராலயத்துக்குள்ள பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் ஐயாவச் சுட்டாங்க. நான் அண்டைக்குப் பாடற்குழுவில நிண்டன். 2021ல எல்லாரையும் விட்டுட்டாங்க. எங்கட கோபத்தை எங்க கொண்டு போறது?

உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நடந்ததை மட்டும் சொல்லுகிறேன். பொலிஸ் உத்தியோகத்தருக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல், சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி எதிரிக்கு எதிராகச் செல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் இதற்கு விலக்கு வைத்தது. அதன்கீழ் எடுத்த ஒப்புதலும் சுயமாகக் கொடுத்ததாக இருக்கவேண்டும். இந்த வழக்கில் அரச தரப்பு நம்பியிருந்த ஒப்புதல் வாக்குமூலங்களை மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. 2021 ஜனவரியில், வழக்கைத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் அறிவித்தார், எதிரிகள் விடுவிக்கப்பட்டார்கள். தேவாலயம் நிறைந்த சனத்துக்கு முன்னால் நடந்த கொலை. ஒப்புதலை விட்டால் வேறு சாட்சியம் நிற்காத நிலைக்கு அது வந்ததுதான் என் மனத்தை அறுக்கிறது. முதல் வாரத்தில் சாட்சிகள் பயமில்லாமல் வாக்குமூலம் கொடுக்க நிலைமை இருந்திருந்தால்? அந்தக் காலத்தில் இருக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

திருக்கோவில்: தண்டனை கிடைச்சாலும் ஜனாதிபதி மன்னிச்சு விடுறாரே? மிருசுவில் வழக்கு?

பொதுமக்கள் எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் இராணுவத்தினர் ஒருவருக்கு 2015இல் மரண தண்டனை, 2020 மார்ச்சில் பொதுமன்னிப்பு. ஆனால் மன்னிப்பும் கேள்விக்கு அப்பாற்பட்டது அல்ல. றோயல் பார்க் அடுக்குமாடிக் கொலைக் குற்றவாளிக்குக் கொடுத்த மன்னிப்பை 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்தது.

ஏறாவூர்: காணி உறுதி ஒண்டு பற்றி…

இங்கே இல்லை. சட்டத்தரணியிடம் போங்கள்.

பெயர் சொல்லவில்லை: அவர் குடிச்சிட்டு அடிக்கிறார். சிறைக்கு அனுப்ப விருப்பமில்லை. அடி மட்டும் நிக்கணும்.

தங்கச்சி, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். ஆளைச் சிறைக்கு அனுப்பாமலே, கிட்ட வராதே, அடிக்காதே என்று மன்று கட்டளை போடும். 1938க்கு அழையுங்கள், மகளிர் உதவி இலக்கம். இன்றைக்கே.

ஓட்டமாவடி: தூக்குத் தண்டனை திரும்ப வருமா?

மேலே வாசியுங்கள்.

கல்லடி: கற்பழிப்புக் கேசுக்குத் தூக்குக் குடுக்க ஒண்ணாதா?

மேலே வாசியுங்கள். தூக்கைக் கேட்டு இது நாலாவது ஆள். ஒருவராவது சாட்சிப் பாதுகாப்பைப் பற்றிக் கேளுங்களேன்.

களுவாஞ்சிகுடித் தாய் (மீண்டும்): ஐயா, தீர்ப்பு வந்து அஞ்சு கிழமை. எங்களுக்கு நாளே தெரியாது, பக்கத்து வீட்டுப் பொடியன்தான் வந்து சொன்னான்.

அப்படியென்றால் 14 நாள் போய்விட்டது அக்கா. மீளாய்வு இருக்கிறது. தவணை உங்களுக்கு அறிவிக்கப்படவில்லை என்பதை மனுவில் எழுதவேண்டும், மறக்க வேண்டாம். திங்கட்கிழமை காலையில் மன்றின் பதிவறைக்குப் போய் வழக்குக் கோவையின் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். அதை எடுத்துக்கொண்டு மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், வசதி இல்லாதவர்களுக்கு அவர்கள் உதவுவார்கள். மகனின் பெறுபேறு, சான்றிதழ் எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், அங்கே போய் மனம் நோகாதீங்க. பதிவறையில் மகனின் பெயரைச் சொன்னால் கோவை கிடைக்காது. வழக்கு எதிரியின் பெயரில்தான் இருக்கும். அந்தச் சாரதியின் பெயரையும் வழக்கு இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்லத் தேவையில்லை.