வண்டி ஓட்டுவதில் என்ன கணக்கு இருக்கிறது என்று கேட்ட அப்பாவுக்கு

ஐயா, பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருஷம் படிக்கிற மகள் திடீரென்று "மனுஷங்க வண்டி ஓட்டுறதைக் கணக்கா எழுதப் போறேன்" என்று சொன்னால் எந்த அப்பாவுக்கும் வயிற்றைக் கலக்கும். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை, இது எழுபது வருஷமாக நடக்கிற ஆராய்ச்சி.

1992-ல் நாகல், ஷ்ரெக்கன்பெர்க் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் சாலைப் போக்குவரத்துக்கு நாலே விதியில் ஒரு கணித மாதிரியை (model) உருவாக்கினார்கள். சாலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு வண்டிக்கும் முடிந்தால் வேகத்தை ஒன்று கூட்டு, முன்வண்டி மேல் இடிக்காத அளவுக்குக் குறை, சில சமயம் காரணமே இல்லாமல் ஒன்று குறை, அப்புறம் நகர்த்து. அந்த மூன்றாவது விதிதான் மனுஷன். அதை எடுத்துவிட்டால் சீராக ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே நெரிசல் தானாக முளைக்காது. ஜப்பானில் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னபோது, எந்தத் தடையும் இல்லாமலே நெரிசல் உருவாகிப் பின்பக்கமாக நகர்ந்தது. 2008-ல் வெளியான சோதனை இது.

நம் ஊருக்கு இந்த மாதிரிகள் அப்படியே பொருந்தாது. ஒரு காருக்குப் பின்னால் இன்னொரு கார் என்றுதான் பெரும்பாலானவை ஆரம்பிக்கும், இங்கே பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் கிடைத்தால் பைக் நுழைந்துவிடும். சைதாப்பேட்டை மறைமலை அடிகளார் பாலத்தில் போக்குவரத்தை வீடியோ எடுத்து, ஒவ்வொரு வண்டியும் அரை விநாடிக்கு ஒரு முறை எங்கே இருந்தது என்று குறித்து ஆராய்ந்திருக்கிறார்கள். இதில் செய்ய வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது, அதனால்தான் உங்கள் மகளின் ஆசையை நான் மதிக்கிறேன்.

சரி, வேலை? போக்குவரத்துக் கணக்கு என்ற பெயரில் வேலை விளம்பரம் வருவது குறைவு, அதை மறைக்க மாட்டேன். தானியங்கி பிரேக் போன்றவற்றைக் கணினியில் சோதிக்கும் வாகனத் துறை வேலைகள், சாலைத் திட்டமிடும் ஆலோசனை நிறுவனங்கள், ஆராய்ச்சி, இவைதான் வாசல்கள். எல்லாவற்றுக்கும் கணிதத்தோடு புள்ளியியலும் புரோகிராமிங்கும் கட்டாயம் வேண்டும், வெறும் கணிதப் பட்டத்தோடு போய் நின்றால் கஷ்டம். போக்குவரத்துப் பொறியியல் எம்.டெக். பெரும்பாலும் சிவில் படித்தவர்களுக்கானது, அதனால் மூன்றாம் வருஷம் ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி., பிறகு ஆராய்ச்சிப் படிப்பு என்பதுதான் அவளுக்கு நேர் வழி. வருஷம் பிடிக்கும், வீட்டில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த செமஸ்டர் லீவில் அந்த நாலு விதியையும் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதச் சொல்லுங்கள், முப்பது நாற்பது வரிதான் வரும். போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிற சூமோ (SUMO) என்ற மென்பொருளும் இலவசம், அடுத்து அதில் உங்கள் ஊர் சிக்னல் ஒன்றைப் போட்டுப் பார்க்கட்டும். அவள் ஓட்டிக் காட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் ஐயா, நிஜ சிக்னலில் நடப்பது ஏன் திரையில் நடக்கவில்லை என்று அவளே கேட்கிறாளா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.